பிக் பேர்டை வெள்ளைக் கொக்கு என்று நினைத்திருந்தேன்

'செசமி ஸ்ட்ரீட்' அமெரிக்க நிகழ்ச்சி என்பதே ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. கிள்ளானில் பாட்டி வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்த அந்தத் தெருவில் படிக்கட்டு இருந்தது, சாமான் கடை இருந்தது, கடைக்காரரிடம் உரிமையோடு வாயாடும் பிள்ளைகள் இருந்தார்கள். எங்கள் தெருவேதான்! பிக் பேர்ட் மஞ்சள் என்பதுகூடக் கலர் டிவி வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

பள்ளியிலும் 'டிவி பெண்டிடிக்கான்' என்ற கல்வித் தொலைக்காட்சி இருந்தது. 1972-இல் நம் கல்வி அமைச்சு அதைத் தொடங்கியது. திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். வகுப்பிலிருந்து தப்பித்த சந்தோஷமே பாதி! ஆனாலும் அது பாடம். 'செசமி ஸ்ட்ரீட்'டோ கூத்து. எண்களை எண்ணி எண்ணி இடி முழக்கத்தோடு சிரிக்கும் அந்தக் கவுண்ட் இருக்கிறாரே, எனக்குக் கணக்கு வாத்தியார் அவர்தான்.

வளர்ந்த பிறகு அதன் கதையைத் தேடிப் படித்தபோது பைத்தியம் இன்னும் முற்றியது. விளம்பரப் பாட்டைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அதே வித்தையில் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று நிகழ்ச்சியை உருவாக்கிய ஜோன் கான்ஸ் கூனி யோசித்திருக்கிறார். பொம்மைகளையும் மனிதர்களையும் சேர்த்துக் காட்டினால் குழந்தைகள் குழம்பிவிடுவார்கள் என்று நிபுணர்கள் தடுத்தார்களாம். 1969-இல் சோதனை ஓட்டம் போட்டுப் பார்த்தால், தெருவில் மனிதர்கள் மட்டும் வரும் இடத்தில் பிள்ளைகள் வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள்! அதற்குப் பிறகுதான் பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சன் பிக் பேர்டையும் குப்பைத்தொட்டி ஆஸ்கரையும் உருவாக்கித் தெருவில் இறக்கினார். நவம்பர் 10-ஆம் தேதி ஒளிபரப்பு. நிபுணர்களை நண்டு சிண்டுகள் ஜெயித்த கதை. எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று இருக்கிறது. கடைக்காரர் மிஸ்டர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982-இல் இறந்துபோனார். வேறு ஆளைப் போட்டிருக்கலாம், ஊர் மாறிப் போய்விட்டார் என்று கதை கட்டியிருக்கலாம். அவர்கள் உண்மையைச் சொன்னார்கள். 1983 நவம்பரில், பெரியவர்களும் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளாகப் பார்த்து, ஹூப்பர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று பிக் பேர்டிடம் சொன்னார்கள். அவருக்காக வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அது நின்றதைப் பார்க்க வேண்டுமே! சுற்றியிருந்த நடிகர்களின் கண்ணீர் நடிப்பில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் என் ஆறு வயது மகளோடு யூடியூப்பில் அதைப் பார்த்தேன். நான் தேம்பினேன். அவள் டிஷ்யூவை நீட்டிவிட்டு, "அடுத்ததப் போடும்மா" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் ஜாலான் துன் சம்பந்தனில் வடை வாங்கப் போனோம். வடைக்காரரை எப்போதும் "அங்கிள்" என்பவள், அன்று எட்டிப் பார்த்து, "மிஸ்டர் ஊப்பர்!" என்று கூப்பிட்டாள்.

"என்னாம்மா, மசால்வடை ரெண்டா?" என்றார் அவர், எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலை நிமிராமலே.