அடகு வைத்த மோதிரம்

மார்கோ பிரைஸ் என்ற அமெரிக்க கன்ட்ரி பாடகியைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் ஒரு மோதிரம் வந்துவிடுகிறது. தன் முதல் தனி ஆல்பத்தைப் பதிவு செய்யப் பணமில்லாமல் அவர் திருமண மோதிரத்தை அடகு வைத்தார். கணவர் ஜெரமி ஐவி காரை விற்றார். அந்தப் பணத்தில், மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டுடியோவில், மூன்றே நாட்களில் பதிவு முடிந்தது. நாஷ்வில்லின் இசை நிறுவனங்கள் பல அதை ஏற்கவில்லை. கடைசியில் ஜாக் வைட் நடத்தும் தேர்டு மேன் ரெக்கார்ட்ஸ் 2016 மார்ச்சில் அதை வெளியிட்டது. ‘மிட்வெஸ்ட் ஃபார்மர்ஸ் டாட்டர்’ என்ற அந்த ஆல்பம் பில்போர்டின் கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் பத்தாம் இடத்தைப் பிடித்தது. சுபம்.

இதில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் இந்தக் கதை சொல்லப்படும் விதம் எனக்கு நெருடுகிறது. கடன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் தியாகம் என்று சொல்கிறோம். பெண்ணின் தியாகத்தைப் பார்த்ததும் கைகூப்பிவிடுகிறோம். அவள் ஏன் அதைச் செய்ய நேர்ந்தது என்று கேட்பதில்லை. ஆல்பத்தை விற்க அந்த மோதிரம் இரண்டாவது முறையும் பயன்பட்டது.

முதலில், மோதிரக் கதை மறைக்கும் காலத்தைப் பார்ப்போம். பிரைஸ் நாஷ்வில்லுக்கு வந்தபோது வயது இருபது. முதல் தனி ஆல்பம் வெளிவந்தபோது முப்பத்திரண்டு. இடைப்பட்ட ஆண்டுகளில் உணவகத்தில் பரிமாறினார். கணவரோடு சேர்ந்து பஃபலோ க்ளோவர் என்ற குழுவை நடத்திச் சில ஆல்பங்களைச் சொந்த முயற்சியில் கொண்டுவந்தார். 2010இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அவர்களில் ஒருவன் சில வாரங்களிலேயே இறந்துபோனான். 2022இல் வெளியான தன்வரலாற்றில் அவரே இவற்றையெல்லாம் எழுதியிருக்கிறார். மூன்றே நாட்களில் பதிவு முடிந்ததை அதிசயம்போலச் சொல்கிறார்கள். அந்த மூன்று நாட்களுக்குப் பின்னால் கூலியில்லாத பத்தாண்டு ஒத்திகை இருக்கிறது.

அடுத்து, செலவு ஏன் அவர் தலையில் விழுந்தது? கன்ட்ரி இசையில் வானொலிதான் வாசல். 1996இல் வந்த அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை நிலையங்களை வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. நூற்றுக்கணக்கான நிலையங்கள் சில நிறுவனங்களின் கைக்குப் போயின. எந்தப் பாட்டு ஒலிக்கும் என்பதைச் சில ஆலோசகர்கள் தீர்மானிக்கத் தொடங்கினார்கள். 2015இல் கீத் ஹில் என்ற ஆலோசகர் வானொலித் தொழிலுக்கான இதழ் ஒன்றில் வெளிப்படையாகவே சொன்னார்: நேயர் எண்ணிக்கை வேண்டுமானால் பெண்களின் பாடல்களைக் குறையுங்கள், இரண்டு பெண் பாடல்களை அடுத்தடுத்து ஒலிபரப்பாதீர்கள். ஆண்களை சாலட்டின் கீரைக்கும் பெண்களை அதில் ஆங்காங்கே கிடக்கும் தக்காளிக்கும் ஒப்பிட்டார். தக்காளித் துண்டில் முதலீடு செய்ய எந்த நிறுவனம் முன்வரும்? அப்போது முதலீடு பெண்ணின் விரலிலிருந்துதான் வர வேண்டும். ‘சுயாதீனக் கலைஞர்’ என்ற கம்பீரமான சொல்லுக்கு நடைமுறையில் பல நேரம் இதுதான் பொருள்: நட்டம் வந்தால் அது முழுக்க உன்னுடையது.

இது புதிதும் அல்ல. 1960இல், நான்கு குழந்தைகளின் தாயான லொரெட்டா லின், ஜீரோ ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதைப் பிரபலப்படுத்த ஆள் இல்லை. கணவரும் அவரும் காரில் ஊர் ஊராகப் போய், வானொலி நிலையங்களின் கதவைத் தட்டி, இதைப் போடுங்கள் என்று கேட்டார்கள். அந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியலில் 14ஆம் இடம்வரை போனது. பிரைஸ் தன் ஆல்பத்துக்கு வைத்த பெயர் லின்னின் ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ என்ற பாட்டை நினைவூட்டுகிறது. சுரங்கத் தொழிலாளியின் மகள், விவசாயியின் மகள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் மகள்களின் முதலீட்டுப் பிரச்சினை மாறவில்லை.

இனி ஆல்பத்துக்கு வருவோம். விளம்பரம் தியாகக் கதை சொன்னது. பாடல்கள் கணக்குப் பார்க்கின்றன. முதல் பாடலான ‘ஹேண்ட்ஸ் ஆஃப் டைம்’ ஏறத்தாழ ஆறு நிமிடம் நீள்கிறது. 1980களில் கடனும் வட்டியும் அமெரிக்க விவசாயக் குடும்பங்களை நிலத்திலிருந்து விரட்டிய காலத்தில், இலினாயில் பிரைஸின் குடும்பமும் பண்ணையை இழந்தது. அப்போது அவருக்கு வயது இரண்டு. நிலம் போனது, அப்பா சிறையில் வேலைக்குப் போனது, குழந்தை இறந்தது என ஒவ்வொன்றும் ஒரே சீரான தாளத்தில் வரவுசெலவுபோல அடுக்கப்படுகிறது. குரல் எங்கும் உடைவதில்லை. பாடும் பெண் கேட்பது புகழை அல்ல, போன நிலத்தை. ‘திஸ் டவுன் கெட்ஸ் அரவுண்ட்’ பாட்டில் வாய்ப்புக்காகப் பெண்ணிடம் எதிர்பார்க்கப்படும் ‘ஒத்துழைப்பை’ நையாண்டி செய்கிறார். கேட்பவருக்குச் சிரிப்பு வருகிறது. யாரைப் பற்றி என்று நாஷ்வில்லுக்குத் தெரியும்.

ஆல்பம் முழுக்க இந்தக் கூர்மை இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். தனிப்பாடலாக முன்னே வைக்கப்பட்ட ‘ஹர்ட்டின்’ (ஆன் த பாட்டில்)’ சோகத்தில் குடிக்கும் பழைய கன்ட்ரி வார்ப்பில் பத்திரமாகப் பொருந்திவிடுகிறது. பெண் பாடுவது மட்டுமே அதில் புதிது. 2017இல் வந்த அடுத்த ஆல்பத்தில் ‘பே கேப்’ என்று ஊதிய வேறுபாட்டைப் பற்றியே ஒரு பாட்டு வைத்தார். முதல் ஆல்பம் கூடுதலாகத் துணிந்திருக்கலாம் என்று அதைக் கேட்டபோதுதான் தோன்றியது.

ஆனால், அடகு வைக்க மோதிரம் இருப்பவர்களின் கதை மட்டும்தான் நம்மிடம் வந்து சேர்கிறதா? கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் பாடிய முதல் கறுப்பினத் தனிப்பாடகி லிண்டா மார்டெல். 1970இல் வந்த ‘கலர் மீ கன்ட்ரி’தான் அவருடைய ஒரே ஆல்பம். அதை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்; பிளான்டேஷன் என்றால் அடிமைகள் உழைத்த தோட்டம். 2024இல் பியான்சே தன் ‘கௌபாய் கார்ட்டர்’ ஆல்பத்தில் அவர் குரலைச் சேர்த்தபோதுதான் ஒரு தலைமுறை அவர் பெயரையே கேட்டது. விற்க எதுவும் இல்லாதவர்களும், விற்றும் வாசல் திறக்காதவர்களும் உற்சாகக் கதைகளில் இடம்பெறுவதில்லை.

பிரைஸின் ஆல்பத்தை நான் விரும்பிக் கேட்கிறேன். நம் மாணவிகளும் கேட்க வேண்டும். மோதிரக் கதையை அவர்களிடம் சொல்லும்போது, பாடுவதற்குப் பெண் இதையெல்லாம் தர வேண்டும் என்ற பாடமாக அது மாறிவிடக் கூடாது. ஸ்டுடியோ வாடகை யார் கொடுத்தார்கள், லாபத்தில் யாருக்குப் பங்கு, குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒவ்வொரு வெற்றிக் கதையிடமும் கேட்டுப் பழகுவோம். ‘ஹேண்ட்ஸ் ஆஃப் டைம்’ அப்படிக் கணக்குக் கேட்கும் பாட்டுதான்.