அந்த 18 நிமிஷம்

சினிமா பார்ப்பதில் எனக்கு ஒழுங்கு கிடையாது. தோன்றினால் போவேன், தோன்றாவிட்டால் ஆறு மாதம் கொட்டகைப் பக்கமே தலை காட்டமாட்டேன். இப்போது போகவேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது. கொட்டகையில் ஓடிய படம் நாலைந்து வாரத்தில் ஓடிடி வழியாக வீட்டுக் கூடத்துக்கே வந்து நிற்கிறது. இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்க்கிறவனுடைய அபிப்பிராயத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டால், டிக்கெட்டுக்குக் கொடுத்த காசின் மதிப்புத்தான். ஆனாலும் 2024-ஆம் வருஷம் பார்த்த இரண்டொரு படங்கள் மனசில் கிடந்து உறுத்துகின்றன. அவற்றில் ஒன்றை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் பார்த்தது ஒரே படந்தானா என்பதில்தான் சந்தேகம்.

பிரேம்குமாரின் 'மெய்யழகன்' செப்டம்பர் 27-ஆம் தேதி வெளியாயிற்று. கதை சின்னது. சொத்துத் தகராறில் பூர்வீக வீட்டை இழந்து, 1996-இல் தஞ்சாவூரை விட்டுச் சென்னைக்குப் போய்விட்ட குடும்பத்துப் பிள்ளை அருள்மொழி. 22 வருஷம் கழித்து, தங்கை முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். தலையைக் காட்டிவிட்டு அன்றிரவே திரும்பிவிடவேண்டும் என்பது அவன் திட்டம். அங்கே ஒருவன் "அத்தான், அத்தான்" என்று வந்து ஒட்டிக்கொள்கிறான். சோறு போடுகிறான், பஸ் ஏற்றிவிட வருகிறான், பஸ் போய்விட்டதென்று தன் வீட்டுக்கே அழைத்துப் போகிறான். அவன் யார், அவன் பெயர் என்ன என்பது மட்டும் அருளுக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். (கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் அந்தப் பெயர் தெரியும். டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.)

முதல் நாளே பார்த்தேன். மூன்று மணிக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. அரவிந்த்சாமி வார்த்தைகளை அளந்து பேச, கார்த்தி பேசிக்கொண்டே இருக்கிறார். மாடு, மண், கரிகாலன், போர் என்று அந்த இரவுப் பேச்சு எங்கெங்கோ போகிறது. சில இடங்களில் பாத்திரத்தின் தோளுக்கு மேலாகக் கதாசிரியரின் தலை தெரிகிறது என்றுகூட நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்கு முன்வரிசையில் ஒருவர் செல்போனை வெளிச்சம் போட்டுப் பார்த்தார். அவரை முறைத்துவிட்டு நான் கடிகாரம் பார்த்தேன்.

என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். சில நாட்களிலேயே படத்தில் சுமார் 18 நிமிஷம் குறைக்கப்பட்டது.

அடுத்த வாரம் தஞ்சாவூருக்குப் போனபோது அக்காவை அழைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். ஆரம்பத்தில் அந்த வீட்டை விட்டுப் புறப்படும் காட்சியிலேயே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடையில் அருள் தங்கைக்கு நகை அணிவிக்கும்போது மூக்கை உறிஞ்சினாள். இரவுப் பேச்சு வந்தது; சுருக்கமாக முடிந்தது; நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. விடியும் வேளையில், விருந்தளித்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அருள் நழுவிவிடுகிறான். வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அவன் ஏன்டா தம்பி சொல்லாமக் கொள்ளாம ஓடறான்?"

முதல் தடவை பார்த்தபோது அந்தக் கேள்வி எனக்கு எழவில்லை. ஏன் ஓடுகிறான் என்பது உடம்புக்கே தெரிந்திருந்தது. பெயர் தெரியாத ஒருவனிடம் இத்தனை நேரம் அன்பை வாங்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் மூச்சு முட்டும். கடன் ஏற ஏற, கடன்காரன் தெருவை மாற்றிக்கொண்டு நடப்பான் அல்லவா? அந்தச் சலிப்பு, அந்த நெளிவு, கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றிய அந்த நிமிஷங்கள் எல்லாம் அருளுடையவை. நான் அவற்றை என்னுடையவை என்று எண்ணிவிட்டேன். படம் நீளமாக இருந்ததென்று சொன்னோம். அந்த இரவு நீளமாக இருந்தால்தான் விடியற்காலையில் அவன் வெட்கப்பட முடியும்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. பல வருஷத்துக்கு முன் ஒரு பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். பதினோராவது அத்தியாயத்தில் ஒரு கிழவி முறுக்குச் சுற்றிக்கொண்டே நாலு பக்கம் பேசுவாள். "கதை நகரவில்லை, எடுத்துவிடுங்கள்" என்றார் ஆசிரியர். எடுத்துவிட்டேன். ஒரு வாசகரும் கேட்கவில்லை. ஆனால் கிழவி செத்துப்போகும் அத்தியாயம் வந்தபோது ஒரு வாசகரும் அழவுமில்லை.

வெட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. நவம்பரில் வந்த 'கங்குவா'வில் என்னென்ன குறைக்கலாம் என்று கேட்டிருந்தால் நீண்ட ஜாபிதாவே கொடுத்திருப்பேன். அந்தப் படத்தில் சத்தத்தைக் குறைக்கும்படி தயாரிப்பாளரே கொட்டகைக்காரர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது. என் காது அதற்கு முந்திய காட்சிக்குப் போய் வந்துவிட்டது. 'லப்பர் பந்து'வோ ஒரு அங்குலம்கூடக் குறைக்க இடம் தராத படம். கெத்து மட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்க, விஜயகாந்த் பாட்டு எழும்ப, பின்வரிசைப் பையன்கள் விசிலடிக்க, கிரிக்கெட்டே தெரியாத நான் என் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதை வீட்டில் தனியாகப் பார்த்தால் பாதிப் படந்தான். விசில் அதன் சங்கீதத்தில் சேர்ந்தது.

வீட்டில் பார்த்தது 'கொட்டுக்காளி'. பி. எஸ். வினோத்ராஜின் படம். மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, மீனா என்ற பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டதென்று ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டு போகிறது. வேறொருவன் மேல் மனம் வைத்ததுதான் பேய். அன்னா பென் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. சூரி கட்டிய தொண்டையோடு கத்துகிறார். படத்தில் பின்னணி இசை கிடையாது. ஆட்டோவின் உறுமல், கட்டிப்போட்ட சேவல், காற்று, இவ்வளவுதான். எங்கள் வீடு அந்தக் குறையை நிவர்த்தி செய்தது: குக்கர் விசில், பால்காரர், மாடிவீட்டுத் துளை போடும் இயந்திரம். கொட்டகையில் நம்மைக் கேட்காமல் வேறு யாரோ கத்திரி போடுகிறார்கள். வீட்டில் கத்திரி என் கட்டைவிரலில் இருக்கிறது. ரிமோட்டில் ஒரு பொத்தான். ஒரு அழுத்துக்குப் பத்து விநாடி தள்ளும்.

வழியில் ஒரு காளை வந்து நின்றுகொள்கிறது. ஆட்டோ நிற்கிறது, பைக்குகள் நிற்கின்றன. இத்தனை வீறாப்புப் பேசிய ஆண்பிள்ளைகள் காளையிடம் நெருங்கப் பயந்து நிற்கிறார்கள். காளையும் நகரவில்லை, படமும் நகரவில்லை. என் விரல் தானாகப் போயிற்று. நாலைந்து அழுத்து. ஆட்டோ ஓடிக்கொண்டிருந்தது.

"மாடு எங்கேங்க போச்சு?" என்றாள் மனைவி.

"போயிடுச்சு."

"எப்படிப் போச்சு? அத்தனை ஆம்பளைங்களாலயும் முடியலையே."

பின்னால் தள்ளிப் பார்த்தோம். ஒரு சின்னப் பெண் வந்தாள். காளையைப் பிடித்தாள். அது பூனைக்குட்டி மாதிரி அவள் பின்னால் போயிற்று. ஆட்டோவுக்குள் மீனா உட்கார்ந்திருந்தாள்.

மனைவி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.