சான்றும் காரணமும்: டிரைசரின் நாவல் பற்றி ஒரு குறிப்பு

தியோடர் டிரைசரின் 'ஓர் அமெரிக்கத் துன்பியல்' (1925), 1906இல் நியூ யோர்க் மாநிலத்துப் பிக் மூஸ் ஏரியில் கிரேஸ் பிரவுண் என்னும் தொழிலாளப் பெண் இறந்த வழக்கினை அடியாகக் கொண்டெழுந்தது. அவளை ஏரிக்கு அழைத்துச் சென்ற செஸ்ரர் ஜில்லெற் 1908இல் மின்கதிரையில் மரண தண்டனைக்குள்ளானான். 'சமுதாயமே கொலையாளி' என்ற ஒரு வாக்கியத்தோடு இந்நாவல் பற்றிய ஆய்வை முடித்துவிடும் போக்கு முற்போக்கு விமர்சனத்துக்குப் புதிதன்று. அம்முடிவு சரியானதே, அதனை அடையும் வழிதான் மிக எளிதாகிவிடுகின்றது. நீரில் மூழ்கி இறத்தல் எங்ஙனம் நிறுவப்படுகின்றது என்பதை நோக்கின் இக்குறைபாடு தெளிவாகும்.

நீரிலிருந்து மீட்கப்பட்டவர் நீரிற் புகுந்தபோது உயிருடன் இருந்தாரா என்பதே ஆய்வுகூடத்தின் முதல் வினா. உயிருள்ளவர் உள்ளிழுக்கும் நீர் நுரையீரல்வழி குருதியிற் கலக்கும். இதனடிப்படையில் அலெக்சாண்டர் கெற்லர் 1921இல் இதயத்தின் இடப்புற, வலப்புறக் குருதியின் குளோரைட்டு அளவுகளை ஒப்பிடும் முறையை முன்வைத்தார். நன்னீரில் மூழ்கின் இடப்புற அளவு குறையும், கடல்நீரில் கூடும். இறந்தபின் குருதியில் ஏற்படும் மாற்றங்களும் இத்தகைய வேறுபாட்டைத் தோற்றுவிக்கலாமாதலால் அம்முறை மதிப்பிழந்தது. தயற்றம் எனப்படும் நுண்ணிய அல்காக்களின் சிலிக்கா ஓடுகளைத் தேடுவது பிறிதொரு முறை. என்பு மச்சையை நைத்திரிக்கமிலத்தில் கரைத்து, எஞ்சுவதை நுணுக்குக்காட்டியில் நோக்கி, அந்நீர்நிலையின் தயற்றங்களோடு ஒப்பிடுவர். மூழ்காதோர் உடலிலும் அவை காணப்படுவதுண்டு. எனவே ஏனைய காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கியே இன்றும் முடிவு பெறப்படுகின்றது. அம்முடிவு வழுவற்றதாயினும், இறந்தவள் விழுந்தாளா, தள்ளப்பட்டாளா என்பதைக் கூறமாட்டாது.

டிரைசர் தம் கதையின் உச்சத்தை இவ்வெல்லையிலேயே அமைக்கின்றார். ரொபேட்டாவைக் கொல்லத் திட்டமிட்ட கிளைட் இறுதிக் கணத்தில் செயலிழக்கின்றான். தன்னை நெருங்கும் அவளை விலக்கக் கைவீசுகையில் கமரா அவள் முகத்திற் படுகின்றது, ஓடம் கவிழ்கின்றது, அவளைக் காப்பாற்றாது அவன் நீந்திக் கரையேறுகின்றான். தேர்தலை எதிர்நோக்கும் வழக்குத்தொடுநருக்கோ ஐயமற்ற கொலையொன்று தேவை. அவரது உதவியாளன் இறந்தவளின் தலைமயிரை எடுத்துக் கமராவிற் செருகி வைக்கின்றான். அரசியல் தேவை பொருட்சான்றையே உற்பத்தி செய்துவிடுகின்றது. உண்மையான சான்றோ வேறிடத்தில் உள்ளது. முன்னர் வசதியுள்ள குடும்பத்துப் பெண்களுக்கு இரகசியமாக உதவிய மருத்துவர், கருவைக் கலைக்க உதவி கேட்டு வந்த ரொபேட்டாவை ஒழுக்கத்தின் பெயரால் திருப்பியனுப்புகின்றார். நீதிமன்றத்தில் எவரும் அவரைக் குற்றவாளியாகக் கருதவில்லை.

மனித வேட்கைகளை இரசாயன விசைகளாகவே கண்டமை டிரைசரின் வரையறை. எனினும் இத்தகைய விவரங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கும் அவரது பொறுமை அவ்வரையறையை மீறுகின்றது. சமுதாயத்தின் குற்றம் பிரதியில் படிப்படியாக நிறுவப்பட வேண்டியதொன்று. முடிவை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு சான்று தேடும் விமர்சகன், எந்த அணியினனாயினும், கமராவில் மயிர் செருகியவனின் வேலையையே செய்கின்றான்.