பைப்ளேன் மாடலுக்கு எந்த நூல்? கேள்வியிலேயே ஒரு பிழை

முதல் உலகப் போர் பைப்ளேன் மாடலுக்கு இறக்கைக் கம்பி கட்ட எது நல்லது என்று கேட்டால், இப்போது பெரும்பாலும் வரும் பதில் எலாஸ்டிக் நூல். நானும் சில வருஷம் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். முழுத் தப்பு இல்லை. ஆனால் நிஜ விமானத்தில் அந்த இடத்தில் என்ன இருந்தது என்ற கேள்வியை அது தாண்டிக் குதித்துவிடுகிறது. தேவை என்னன்னு எழுதிக்காமலே லைப்ரரியைத் தேர்வு பண்ற நம்ம ஆபீஸ் வழக்கம் மாதிரிதான்.

முதலில் நிஜத்தைப் பார்ப்போம். எஸ்.இ.5ஏ போன்ற பிரிட்டிஷ் விமானங்களில் இருந்தது ஆர்.ஏ.எஃப். வயர். பெயரைப் பார்த்து ராயல் ஏர் ஃபோர்ஸ் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் படை பிறந்ததே 1918 ஏப்ரல் 1-ல்தான். இது ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரியின் பெயர். வட்டக் கம்பி காற்றில் நிறைய இழுவையை உண்டாக்கும். அதைக் குறைக்க, எஃகுக் கம்பியை உருட்டித் தட்டையாக்கி, வெட்டுமுகம் பருப்பு மாதிரி இரண்டு பக்கமும் கூராக வரும்படி செய்தார்கள். முன்னாலிருந்து பார்த்தால் மெலிசு, பக்கத்திலிருந்து பார்த்தால் அகலம்.

ஜெர்மன் அல்பாட்ரோஸில் இருந்தது வேற சமாச்சாரம்: முறுக்கிய எஃகுக் கேபிள், முனையில் இறுக்கம் சரிபண்ண டர்ன்பக்கிள். ஃபோக்கர் டி.7-ல் தடித்த இறக்கையே சுமையைத் தாங்கியதால், இறக்கைகளுக்கு நடுவே கம்பியே கிடையாது.

அடுத்து கணக்கு. 0.1 மி.மீ. நூல் 1/72 அளவில் 7.2 மி.மீ. கம்பிக்குச் சமம். 1/48-ல் 4.8, 1/32-ல் 3.2 மி.மீ. அதாவது ஒரே நூல் ஒரு மாடலில் கயிறு, இன்னொன்றில் இழை. 4 மி.மீ. கேபிள் என்று வைத்துக்கொண்டால் 1/72-ல் அது 0.056 மி.மீ. வரும், தலைமுடி அளவு. அளவைச் சொல்லாமல் "இந்த நூல் சூப்பர்" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

இப்போது எலாஸ்டிக். அதோட உண்மையான பலம் கட்டுபவரின் வசதி. சூப்பர் க்ளூ தொட்டதும் பிடிக்கும், இறக்கையைப் பெரிதாக இழுக்காது, கை பட்டாலும் அறாது. பலவீனம் நிறம். இழுபடும் பொருளில் பெயிண்ட் நிற்காது, அதனால் வாங்கின நிறம்தான் கடைசி வரைக்கும். பலரும் கறுப்பு வாங்குகிறார்கள். பளபளக்கும் எஃகு இருக்கவேண்டிய இடத்தில், 1/72-ல் கறுப்பு நூல் சிலந்திவலை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். நாடா மாதிரி தட்டையான எலாஸ்டிக்கும் உண்டு. அது முறுக்கிக்கொள்கிறது என்று பலர் குறை சொல்கிறார்கள். எனக்கென்னவோ, ஆர்.ஏ.எஃப். வயருக்கு அந்தத் தட்டைதான் வரம். முறுக்கு விழாமல், தட்டையின் அகலம் காற்றோட்டத் திசையில் வரும்படி ஒட்டினால் போதும்.

நைலான் மீன்பிடி நூலுக்கு இன்னும் பெரிய ரசிகர் கூட்டம் இருக்கிறது. இறக்கையில் துளை போட்டு, இழுத்து ஒட்டினால் மாடலே உறுதியாகும் என்பது அவர்கள் வாதம். நான் ஒரு 1/48 காமலில் அப்படித்தான் செய்தேன். இடது பக்கத்தை முழுசா முடிச்சுட்டு வலது பக்கம் வந்தேன். மறுநாள் பார்த்தால் மேல் இறக்கை இடது பக்கமாகக் கோணியிருந்தது. மூன்று மாச வேலை. பிரச்சினை நூலில் இல்லை, என் வரிசையில்: இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போயிருக்கணும். ஆனால் இரண்டாவது பாடம் நூலைப் பற்றியதுதான். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். சென்னை மழைக்காலத்தில் அந்தக் காமலின் கம்பிகள் தொய்ந்தன.

மெல்லிய ஸ்டீல் கம்பியை அதிகம் பேர் தொடுவதில்லை. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. கண்ணாடிமேல் வைத்து ஸ்கேலால் உருட்டி நேராக்கி, டிவைடரில் நீளம் அளந்து வெட்டி, இரண்டு முனையிலும் துளி வெள்ளைப் பசை வைத்தால் முடிந்தது. இறக்கையை இழுக்காது, ஈரத்துக்கு அசையாது, நிறம் இயல்பாகவே எஃகு. கொஞ்சம் நீளமாகிப்போனால் வளைந்து காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

கிட்டிலேயே வரும் ஸ்ப்ரூவை மெழுகுவர்த்தியில் இளக்கி இழுத்த இழைக்குச் செலவே இல்லை. தொய்ந்தால் ஊதுபத்திக் கங்கைக் கிட்டே கொண்டுபோனாலே இறுகிவிடும். ரொம்பக் கிட்டே போனால் அறுந்துவிடும். தூசி தட்டும்போதும் உடையும்.

என் இப்போதைய முடிவு இது. 1/72-ல் தட்டையா வட்டமா என்று கண்ணுக்குத் தெரியாது. நேராக இருப்பதும் நிறமும்தான் முக்கியம், அதனால் ஸ்டீல் கம்பி. 1/32 எஸ்.இ.5ஏ என்றால் தட்டையான எலாஸ்டிக், கறுப்பு இல்லாமல் சாம்பல் நிறத்தில். ஜெர்மன் கேபிளுக்கு வட்டமான எதுவும் சரி. கம்பி போடவே பயமாக இருக்கிறதா? ஃபோக்கர் டி.7-லிருந்து ஆரம்பியுங்கள். என் காமல் இன்னும் அலமாரியில் கோணலாகத்தான் நிற்கிறது. அடுத்ததற்கு ஸ்டீல் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன்.