ஜாவரின் குரல்

மேடையில் வெற்றிகண்ட இசை நாடகம் ஒன்று திரைப்படமாக வெளிவரும்போது, அதைக் கண்டு திரும்புவோர் முதலில் பேசுவது கதையைப் பற்றியன்று, குரலைப் பற்றியே. எவர் நன்றாகப் பாடினார், எவருக்குப் பாட வரவில்லை என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்தும் விடுகிறது. 1965-இல் வெளிவந்த 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' முதல் 2024-இல் வெளிவந்த 'விக்கட்' வரை இதுவே வழக்கம். இவ்வகைப் படங்களுள் டாம் ஹூப்பர் இயக்கிய 'லே மிசராப்' (2012) பத்தாண்டுகளுக்கு மேலாகியும் வழக்குத் தீராத ஒன்று. அதில் ஜாவராக நடித்த ரஸ்ஸல் குரோவுக்குப் பாட வரவில்லை என்பது பார்த்தோர் பலரின் தீர்ப்பு. அத்தீர்ப்பு சரியென்றும், அதற்கு அவர்கள் காட்டும் காரணம் சரியன்று என்றும் நான் எண்ணுகிறேன்.

விக்டர் ஹ்யூகோவின் புதினம் 1862-இல் வெளிவந்தது. கவியோகி சுத்தானந்த பாரதியாரின் 'ஏழை படும் பாடு' வழியாக அக்கதை தமிழருக்கு நெடுங்காலமாய்ப் பழக்கமானது. ரொட்டி திருடியதற்காக 5 ஆண்டும், தப்பியோட முயன்றதற்காக 14 ஆண்டும் சிறைப்பட்டு வெளிவரும் ஜீன் வால்ஜீன், தனக்கு ஓரிரவு இடங்கொடுத்த ஆயரின் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிச் செல்கிறான். காவலர் அவனைப் பிடித்துக் கொண்டுவரும்போது, அவை தாம் கொடுத்தவையே என்று ஆயர் சொல்லி, வெள்ளி மெழுகுதிரித் தண்டுகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார். அன்று பெற்ற இரக்கம் அவனை வாழ்நாள் முழுதும் நடத்துகிறது. ஜாவர் என்னும் காவல் அதிகாரியோ சட்டத்தின் பெயரால் அவனை வாழ்நாள் முழுதும் துரத்துகிறான். (ஒருகாலத்தில் திருச்சபையின் தடைநூற் பட்டியலில் இருந்த நூல் இது. குருமடத்தில் எங்களுக்கு மறையுரைக்கு எடுத்துக்காட்டாக அதிகம் சொல்லப்பட்ட கதையும் இதுவே.)

இதனைக் குளோத் மிஷேல் ஷோன்பெர்க்கின் இசையில், அலென் பூப்ளீலின் பாடல்களோடு 1980-இல் பாரிசில் மேடையேற்றினர். ஆங்கில வடிவம் 1985-இல் இலண்டனில் அரங்கேறியது. உரையாடல் ஏறக்குறைய இல்லை, எல்லாம் பாட்டு. காவலன் கைது செய்வதும் பாட்டில், கைதி தப்புவதும் பாட்டில். நம் பழைய இசை நாடக மேடையை அறிந்தவர்க்கு இது புதுமையன்று.

ஹூப்பர் செய்த புதுமை வேறு. பாட்டை முன்னதாகப் பதிவு செய்துகொண்டு, படப்பிடிப்பில் நடிகரை உதடசைக்கச் செய்வதே இசைப்படங்களின் பெருவழக்கு. இவரோ படப்பிடிப்புத் தளத்திலேயே நடிகரைப் பாடச் செய்தார். அவர்களின் காதினுள் சிறு ஒலிக்கருவி. அதில் மறைவிலிருந்து ஒருவர் வாசிக்கும் பியானோ. நடிகர் நிறுத்தினால் பியானோவும் நிற்கும், அவர் விரைந்தால் அதுவும் விரையும். பல்லியம் பின்னரே சேர்க்கப்பட்டது. பாடுவோர் விம்மினால் அந்த விம்மலும் பதிவாயிற்று, மூச்சுத் திணறினால் அத்திணறலும் பதிவாயிற்று.

நம் செவிக்கு இது எளிதில் ஒத்துவருவதில்லை. 1930-களில் நம் நடிகரும் தளத்திலேயே பாடி நடித்தவர்களே. ஆனால் 1938-இன் 'நந்தகுமார்' படத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் பின்னணிப் பாடல் முறை, அழும் முகம் ஒருவருடையது, அழகிய குரல் மற்றொருவருடையது என்னும் ஏற்பாட்டை நமக்கு இயல்பாக்கிவிட்டது. கண்ணீர் வழிந்தாலும் சுருதி வழுவாத பாட்டுக்கு நாம் பழகிவிட்டோம்.

எங்கள் மறைவட்ட இளைஞர் கூட்டமொன்றில் இப்படத்தைத் திரையிட்டபோது அதைக் கண்டேன். பாடகர் குழுவை நடத்தும் அன்பர், "ஒருவருக்கும் சுருதி நிற்கவில்லையே" என்று வருந்தினார். கல்லூரியில் பயிலும் பெண் ஒருத்தி விடவில்லை: "அழுகிறவள் சுருதி பார்த்துக்கொண்டா அழுவாள், அண்ணா?" ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் குறையோ வேறு. "சாமி, புத்தகத்தில் முதற்பகுதி முழுவதும் ஆயருடைய கதைதான். இங்கே வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை" என்றார். இம்மூவரும் சொன்னவற்றை உலகெங்கும் இப்படத்தைப் பார்த்தவர்கள் தத்தம் மொழியில் சொல்லியிருக்கிறார்கள். மேடையைக் கண்டு வந்தவர் குரலைத் தேடுகிறார், நூலைப் படித்து வந்தவர் விட்டுப்போனதைத் தேடுகிறார், ஒன்றும் அறியாமல் வந்தவர் முகத்தைப் பார்க்கிறார்.

அந்தக் கல்லூரிப் பெண்ணின் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றும் இடம் ஃபான்டீனின் பாட்டு. ஆலையிலிருந்து துரத்தப்பட்டவள், குழந்தைக்குப் பணம் அனுப்பவேண்டித் தன் கூந்தலை விற்கிறாள், பல்லை விற்கிறாள், முடிவில் தன்னையே விற்கிறாள். மேடையில் அவளது பெரும்பாட்டு, வேலை போனவுடன், இவ்வளவும் நேருமுன் வரும். படத்தில் எல்லாம் நேர்ந்த பின்னர் வருகிறது. இந்த ஓர் இடமாற்றத்தால் ஏக்கப் பாட்டு ஓலமாக மாறிவிடுகிறது. மழிக்கப்பட்ட தலையோடு ஆன் ஹாத்தவே (தம் சொந்தக் கூந்தலையே அவர் படத்துக்காக வெட்டக் கொடுத்தார்) பாடுவதைக் கேமரா அவர் முகத்தை விட்டு விலகாமல், ஒரே காட்சித் துண்டாகக் காட்டுகிறது. குரல் உடைகிறது, உடைந்த இடத்திலிருந்தே பாட்டு மீண்டும் எழுகிறது. ஆயிரம்பேர் அமரும் அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி ஒருத்தி இவ்வாறு பாட இயலாது. ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்திருக்கும் குரு ஒருவருக்கு மட்டுமே கேட்கும் தொனி அது. அவ்வாண்டின் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் விருது அவருக்குக் கிடைத்தது. அதை மறுத்துப் பேசியவர் சிலரே.

ஆயரின் காட்சியும் இம்முறையால் ஏற்றம் பெறுகிறது. தமிழாசிரியரின் வருத்தம் நேர்மையானது. ஹ்யூகோவின் ஆயருக்கு இப்படத்தில் சில நிமிடங்களே. ஆயினும் அந்த ஆயராக நடித்தவர் கோல்ம் வில்கின்சன். 1985-இல் இலண்டன் மேடையில் முதன்முதலாக வால்ஜீனாகப் பாடியவர் அவர். மெழுகுதிரித் தண்டுகளை அன்று பெற்றுக்கொண்டவரே முதுமையில் அவற்றைக் கொடுப்பவராக வந்து நிற்கிறார். மேடையை அறிந்த பார்வையாளர் பலர் இக்காட்சியில் கண்கலங்கியதாகச் சொல்வதில் வியப்பில்லை. அருளின் இயக்கத்தை விளக்க நான் படித்த இறையியல் நூல்கள் பல பக்கங்களைச் செலவிட்டன. இங்கே நடிகரைத் தெரிந்தெடுத்ததிலேயே அது கைகூடிவிட்டது.

இனி ஜாவருக்கு வருவோம். குரோவின் பாட்டு பிடிக்கவில்லை என்போர், அவர் ராக் இசைக்குழுவில் பாடிப் பழகியவர், மேடைப் பாடகருக்குரிய பயிற்சி இல்லாதவர் என்று காரணம் காட்டுகின்றனர். இது மேலோட்டமான பார்வை. ஹாத்தவேயின் குரலும் குறைகளோடுதான் ஒலிக்கிறது. அக்குறையே அங்குப் பொருளாகிறது. ஜாவரிடத்தில் அவ்வாறு ஆகவில்லையே, ஏன்?

ஜாவர் எத்தகையவன் என்பதில் விடை இருக்கிறது. அவன் தீயவன் அல்லன். கையூட்டு வாங்காதவன், தன்னலம் அறியாதவன், தன் தவற்றுக்கும் தண்டனை கேட்கிறவன். சிறையிலேயே பிறந்தவன், அதனாலேயே சட்டத்தின் பக்கம் இம்மியும் பிசகாமல் நின்றவன். விண்மீன்களைப் பார்த்து அவன் பாடும் பாட்டு இந்நாடகத்தின் சிறந்த இறைவேண்டல்களுள் ஒன்று. வானத்தில் ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்பதுபோல் மண்ணிலும் நிற்கவேண்டும் என்பது அவனது விசுவாசம். தனக்குள் மறைத்து வைத்த அறை என்று எதுவும் அவனிடம் இல்லை. அத்தகையவன் ஊரறியப் பாடவேண்டும். எங்கள் பக்கத்துப் பாஸ்கா நாடகங்களில் ஊரிலேயே கனத்த குரலுடையவருக்குத்தான் பிலாத்து வேடம் கொடுப்பார்கள். படிப்பறியாத பெரியவர்கள் செய்துவைத்த ஏற்பாடு அது. தீர்ப்பிடுகிறவனின் குரல் மெலிந்தால், தீர்ப்புக்குள்ளானவரின் மௌனமும் மெலிந்துபோகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஹூப்பரின் கேமராவோ எல்லாரையும் ஒரே தொலைவில் வைத்துப் பார்க்கிறது. ஃபான்டீனை நெருங்கியதுபோலவே ஜாவரையும் நெருங்குகிறது. குரோ அதற்கேற்பத் தணிந்து, உள்ளுக்குள் பேசுவதுபோல் பாடுகிறார். கட்டடத்தின் உச்சி விளிம்பில் அடிமேல் அடி வைத்து அவர் நடக்கும் காட்சி அழகானதே. ஆனால் விழப்போகிறவன் என்பதைத் தொடக்கத்திலேயே அது சொல்லிவிடுகிறது. கடைசி இரவில்தான் முதன்முறையாகத் தன் உள்ளத்தைக் காணவேண்டியவன், இங்கு முதலிலிருந்தே உள்ளம் குழம்பியவனாகத் தெரிகிறான். அச்சமூட்டும் நீதிமானுக்குப் பதிலாகச் சோர்வுற்ற அதிகாரி ஒருவரையே காண்கிறோம்.

இதனால் நேரும் இழப்பு ஜாவரோடு நிற்பதில்லை. ஷோன்பெர்க்கின் இசையமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஆயரின் இரக்கத்தைப் பெற்ற இரவில் வால்ஜீன் தனக்குள் போராடும் பாட்டும், வால்ஜீனின் இரக்கத்தால் உயிர் பிழைத்த ஜாவர் ஆற்றங்கரையில் போராடும் பாட்டும் ஒரே மெட்டில் அமைந்தவை. இருவருக்கும் கிடைப்பது ஒரே இரக்கம். ஒருவன் தன் பழைய பெயரைக் கிழித்தெறிந்து வாழப் போகிறான். மற்றவன் அதைத் தாங்கமாட்டாமல் சேன் ஆற்றில் பாய்கிறான். மெட்டு ஒன்றாயிருப்பதால் இரு தட்டுகளும் ஒரே தராசில் தொங்குகின்றன. ஹ்யூ ஜாக்மன் சிற்றாலயத்தினுள் அலைந்தவாறு பாடும் முதற்பாட்டு ஒரு தட்டை நிறைத்துவிடுகிறது. மறு தட்டு இலேசாக மேலே நிற்கிறது. போதாக்குறைக்கு, ஜாவர் விழுந்ததும் எலும்பு முறியும் ஓசை வேறு! அவ்விடத்தில் சிலர் சிரித்தேவிட்டார்கள். அவர்களை நான் குறைசொல்லேன். அவநம்பிக்கையின் ஆழத்தைக் காட்ட உடற்கூற்றியல் தேவையில்லை.

திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதுகையில், அருளைப் பற்றிப் பேசுவதற்காகச் சட்டத்தை இழிவாக்கவில்லை. சட்டம் தூயது என்பதை வலியுறுத்திய பின்னரே மேற்செல்கிறார். சட்டம் அற்பமானதாயின் மன்னிப்பதில் என்ன அருமை? இலேசான ஜாவரின் முன் ஆயரின் வெள்ளித் தண்டுகளும் மலிந்துவிடுகின்றன. நல்லவர் ஒருவரின் தாராள மனம் என்ற அளவில் அது நின்றுவிடும். சட்டத்தின் முழுக் கனமும் எதிரே நிற்கும்போதுதான் அந்தக் கொடை ஓர் இடறலாகத் தெரியும்.

ஒப்பிட விரும்புவோர்க்கு நல்ல சான்று உண்டு. 1995 அக்டோபரில் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்த பத்தாம் ஆண்டு நிறைவுக் கச்சேரியின் ஒளிப்பதிவே அது. காட்சி அமைப்பு இல்லை, நடிப்பும் மிகக் குறைவு. ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகிறார்கள். வால்ஜீனாக வில்கின்சன், ஜாவராகப் பிலிப் குவாஸ்ட். குவாஸ்ட் விண்மீன் பாட்டைப் பாடும்போது அவன் கட்சியில் சேர்ந்துவிடலாமோ என்றே தோன்றுகிறது. மேற்சொன்ன கூட்டத்தில் இப்பதிவையும் போட்டுக் காட்டினேன். காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன், "இவர் சொல்வதில் தப்பே இல்லையே, ஃபாதர்" என்றான். அப்போதுதான் அக்கூட்டத்தில் விவாதமே தொடங்கிற்று.

தமிழர் நமக்கு இது தெரியாததன்று. இக்கதை 1950-இல் 'ஏழை படும் பாடு' என்ற பெயரிலேயே கே. ராம்நாத் இயக்கத்தில் படமாயிற்று. கதைத்தலைவனாக நடித்தவர் நாகையா. உருக்கமான நடிப்புக்குப் பெயர்பெற்றவர். ஆனால் அக்கதையின் பெயரைத் தம் பெயரோடு ஒட்டவைத்துக்கொண்டு போனவர் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமன். இறுதிவரை அவர் 'ஜாவர்' சீதாராமன். திருடனைவிடத் துரத்தியவனையே நம் மக்கள் நினைவில் நிறுத்தினார்கள். அதைச் சுவைக்குறைவு என்று நான் கருதவில்லை.

பிற குறைகளை நீட்டிப் பேச வேண்டியதில்லை. முதற்பகுதியின் இறுதியில் எல்லாரும் தத்தம் மெட்டை ஒருசேரப் பாடும் காட்சி, மேடையில் ஒரே தளத்தில் நிற்பதால் ஊரே பாடுவதுபோல் எழும். படத்தில் முகம் முகமாகத் துண்டுபட்டுவிட்டது. நெருக்கம் எப்போதும் நன்மையன்று என்பதை இதே இயக்குநர் 2019-இல் எடுத்த 'கேட்ஸ்' படம் இன்னும் தெளிவாகக் காட்டிற்று. பூனை உரோமத்தினிடையே மனித முகங்களை அவ்வளவு அருகில் காணப் பார்வையாளர் விரும்பவில்லை.

ஆயினும் ஓரிடத்தில் குரோவின் ஜாவர் பெரியவனாகிறான். அங்கு அவர் பாடவில்லை. தடுப்பரண் வீழ்ந்தபின் கொல்லப்பட்டோரின் வரிசையைப் பார்த்துக்கொண்டு வருகிறவர், சிறுவன் கவ்ரோஷின் உடலருகே நின்று, தம் சட்டையிலிருந்த பதக்கத்தைக் கழற்றி அவன் மார்பில் குத்துகிறார். மேடை நாடகத்தில் இல்லாத செயல் இது. சட்டத்தின் ஊழியன் சட்டத்தை எதிர்த்த குழந்தைக்குச் செலுத்தும் மரியாதையை, ஒரு சொல்லுமின்றி, கேமரா அருகிலிருந்து பார்க்கிறது. படத்தின் முடிவில் வால்ஜீன் உயிர்நீத்துச் செல்லும்போது வாசலில் ஆயர் காத்து நிற்கிறார். மேடையில் அவ்விடத்தில் ஃபான்டீனோடு வருபவள் எப்போனின். அவளை எடுத்துவிட்டு ஆயரை நிறுத்தியதில் மேடை அன்பர்களுக்குச் சினம், தமிழாசிரியருக்கு மட்டும் நிறைவு. அதன்பின் இறந்தோர் எல்லாரும் பெரும் தடுப்பரண்மீது கூடிப் பாடுகிறார்கள். கவ்ரோஷும் அங்கே இருக்கிறான். அவன் மார்பில் பதக்கம் குத்தியவரைத் தேடிப் பார்த்தேன். அவரை அங்கே நிறுத்த இயக்குநருக்கு மனம் வரவில்லை.