ஏர்ல் ஸ்கிரக்ஸ் அண்ட் தி ஃபைவ்-ஸ்டிரிங் பாஞ்சோ (நூல்)

ஏர்ல் ஸ்கிரக்ஸ் அண்ட் தி ஃபைவ்-ஸ்டிரிங் பாஞ்சோ (1968) அமெரிக்க பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்கிரக்ஸ் தம் வாசிப்பு முறையை விளக்கி வெளியிட்ட பயிற்சி நூல். புளூகிராஸ் இசையில் பாஞ்சோ கற்பவர்கள் பரவலாகப் பயன்படுத்திய நூல்களுள் ஒன்று. கேட்டுக் கற்கப்பட்டுவந்த ஒரு முறையை இந்நூல் எழுத்துக்குக் கொண்டுவந்தது. அந்த எழுத்து கேட்டலுக்கு மாற்றாகுமா என்பது இந்நூலை மதிப்பிடுகையில் எழும் முதன்மையான கேள்வி.

பின்னணி

புளூகிராஸ் என்ற பெயர் கென்டக்கியைச் சேர்ந்த மாண்டலின் கலைஞர் பில் மன்றோவின் 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவின் பெயரிலிருந்து வந்தது. வட கரோலைனாவில் பிறந்த ஸ்கிரக்ஸ் (1924-2012) 1945-ன் இறுதியில் அக்குழுவில் சேர்ந்தார். மூன்று விரல்களால் பாஞ்சோ வாசிக்கும் வழக்கம் அவர் பிறந்த பகுதியில் முன்பே இருந்தது. ஸ்னஃபி ஜென்கின்ஸ் அவ்வகையில் ஸ்கிரக்ஸுக்கு முன்னோடி. ஸ்கிரக்ஸ் அதை வேகமும் தெளிவும் கொண்ட முறையாக வளர்த்தார். 1948-ல் மன்றோவின் குழுவிலிருந்து விலகி, கிட்டார் கலைஞர் லெஸ்டர் ஃபிளாட்டுடன் இணைந்து தனிக்குழு அமைத்தார். 1949-ல் அவர்கள் பதிவுசெய்த 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' 1967-ல் வெளிவந்த 'பானி அண்ட் கிளைட்' திரைப்படத்தில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு இந்நூல் வெளிவந்தது.

உள்ளடக்கம்

நூலில் பாடல்கள் டேப்லச்சர் என்னும் குறியீட்டில் எழுதப்பட்டுள்ளன. ஐந்து கோடுகள் ஐந்து தந்திகளைக் குறிக்கும். கோட்டின் மேலுள்ள எண் எந்த மெட்டில் விரல் வைக்கவேண்டும் என்பதைச் சொல்லும். வலக்கையின் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மாறிமாறித் தந்தியை மீட்டும் வரிசை 'ரோல்' எனப்படுகிறது. இசைக்குறியீடு அறியாதவரும் இதைக்கொண்டு வாசிக்கத் தொடங்கலாம். அருகில் ஆசிரியர் இல்லாதவர்களுக்கு இது பெரிய வாய்ப்பாக அமைந்தது.

மதிப்பீடு

ஒரு ரோலில் பொதுவாக எட்டு ஒலிகள் உள்ளன. அவற்றுள் சிலவே பாடலின் மெட்டைச் சேர்ந்தவை. மற்றவை இடைவெளியை நிரப்புபவை. ஸ்கிரக்ஸின் பதிவுகளில் மெட்டுக்குரிய ஒலிகள் அழுத்தம் பெற்று முன்னால் நிற்கின்றன. பாடலை அறிந்தவர் அதன் வரிகளையே பாஞ்சோவில் கேட்கமுடியும். தாளில் எட்டு எண்களும் ஒன்றுபோலவே தோற்றமளிக்கின்றன. எண்களை மட்டும் பின்பற்றுபவரின் வாசிப்பில் வேகம் இருக்கும், பாடல் இருக்காது.

குழுவாக வாசிப்பதிலும் இதே குறை தெரிகிறது. 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' பதிவில் ஸ்கிரக்ஸ் ஈ மைனரில் வாசிக்கும் இடத்தில் ஃபிளாட்டின் கிட்டார் ஈ மேஜரில் ஒலிக்கிறது. அப்பகுதியின் உரசல் இவ்விரண்டின் மோதலில் பிறப்பது. பாஞ்சோவுக்கு மட்டும் எழுதப்பட்ட குறியீட்டில் அதற்கு இடமில்லை.

நூலுக்கான குறியீடுகளை எழுத உதவிய பில் கீத் இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறார். அவர் ஸ்கிரக்ஸின் இசைத்தட்டுகளைக் கேட்டு ஒவ்வொரு ஒலியாக எழுதியவர். 1963-ல் மன்றோவின் குழுவில் வாசித்தபோது அவர் ஸ்கிரக்ஸை நகலெடுக்கவில்லை. ஃபிடில் மெட்டுகளை ஒலிக்கு ஒலி பாஞ்சோவில் கொண்டுவரும் 'மெலோடிக்' முறையில் வாசித்தார். கேட்டு எழுதிய உழைப்பே அவருக்குக் கல்வியாக அமைந்தது. நூலை வாங்குபவருக்கு அந்த உழைப்பின் விளைவு மட்டுமே கிடைக்கிறது.

எனினும் இது நூலின் தகுதியைக் குறைப்பதல்ல. விரைவான பதிவில் காதுக்குப் பிடிபடாத விரலமைப்பை இந்நூல் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பாடலைப் பதிவில் பலமுறை கேட்டு, அதன் மெட்டை வாயால் பாடத் தெரிந்துகொண்டபின் இதைத் திறப்பவருக்கே இந்நூல் முழுமையாகப் பயன்படும்.