அம்மையாரும் அவருடைய கட்சியும்

1960ஆம் ஆண்டு யூலை 21ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையார் இலங்கையின் பிரதமராகப் பதவியேற்றார். உலகில் எந்நாட்டிலும் அதற்கு முன்னர் ஒரு பெண் அப்பதவியை வகித்ததில்லை. அதனைப் பெண்குலத்தின் வெற்றியெனக் கொண்டாடினோர் பலர். ‘அழும் விதவை’ என ஏளனஞ் செய்தோரும் இருந்தனர். இரு சாராரும் அவரைப் பெண்ணாகக் கண்டனரேயன்றி, ஒரு வர்க்கத்தினதும் ஒரு கட்சியினதும் தலைவராகக் கண்டாரல்லர். இன்றும் அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இப்பழைய தடங்களிலேயே செல்கின்றனர்.

இரத்வத்தை என்னும் கண்டிச் சிங்கள நிலப்பிரபுக் குடும்பத்திற் பிறந்தவர் அவர். திருமணத்தின் பின், 1941இல், லங்கா மகிளா சமித்தியிற் சேர்ந்து கிராமங்கள்தோறும் மாதர் மத்தியில் வேலை செய்தார். பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்த கிராமப் பரிச்சயம் இங்கு பெற்றதே. 1959 செப்டெம்பரிற் கணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1960 மார்ச் தேர்தலில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 46 இடங்களையே பெற்றது. அதன்பின் தலைமையை ஏற்ற அம்மையார், யூலைத் தேர்தலிற் கணவரின் ஒலிப்பதிவுப் பேச்சுக்களுடன் ஊரூராகச் சென்றார். கட்சி 75 இடங்களைக் கைப்பற்றியது. அத்தேர்தலில் அவர் எத்தொகுதியிலும் போட்டியிடவில்லை. செனற் சபை வழியாகவே பிரதமரானார்.

அனுதாபம் ஒரு தேர்தலுக்குப் போதும். ஒரு கட்சியை முப்பதாண்டுகளுக்கு மேல் நடத்த அது போதாது. 1964 டிசெம்பரிற் சி. பி. டி சில்வா பதின்மூவருடன் எதிரணிக்குத் தாவினார். ஒரே ஒரு வாக்கினால் அரசாங்கம் தோற்றது. அடுத்த ஆண்டுத் தேர்தலிலும் தோல்வியே. ஆயினும் சமசமாஜக் கட்சியையும் கம்யூனிஸ்ட் கட்சியையும் இணைத்து ஐக்கிய முன்னணி கண்டு, 1970இல் 116 இடங்களுடன் அவர் மீண்டார். 1977இற் கட்சி 8 இடங்களாகச் சுருங்கியது. 1980இல் ஜெயவர்த்தனா அரசாங்கம் அவருடைய குடியியல் உரிமைகளை ஏழாண்டுக்குப் பறித்தது. அது நீதியன்று, பழிவாங்கலே. 1986இல் உரிமை மீண்டபின் 1988இல் ஜனாதிபதித் தேர்தலிலும் நின்றார். இவையெல்லாம் கண்ணீரால் ஆன காரியங்களல்ல. தேர்ந்த அமைப்பாளர் ஒருவரின் ஆற்றலுக்குச் சான்றுகள். அவருடைய ஆட்சியைப் பிறர் செய்ததெனக் கூறி, அதன் குறைகளிலிருந்து அவரை விடுவிக்க முயல்வோரும் இதனை மனங்கொள்ளவேண்டும்.

ஆனால் அவ்வாற்றல் எவ்விதமான கட்சியை வளர்த்தது? முதல் மந்திரிசபையிலேயே கணவரின் உறவினரான பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா நிதிமந்திரியானார். பின்னர் மகனுக்கும் மகளுக்கும் இடையிலான வாரிசுப் பூசல் கட்சியின் அரசியலாகவே மாறியது. 1984இல் மகள் வேறு கட்சி கண்டார். 1993இல் மகன் அன்றைய ஆளுங்கட்சியை நாடினார். 1994இல் மகள் ஜனாதிபதியானதும் தாய் அவருக்குக் கீழ்ப் பிரதமரானார். மகிளா சமித்தியில் அம்மையார் சந்தித்த உழவர் வீட்டுப் பெண்களுள் எவர் அக்கட்சியின் தலைமைக்கு வந்தனர்? மாளிகையிற் பிறந்த பெண்ணுக்குத் திறந்த கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

மலைநாட்டிற் கொழுந்தெடுக்கும் பெண்ணின் நிலையை நோக்குமிடத்து இவ்வுண்மை மேலும் கூர்மையடைகின்றது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவளாகி, மறு ஆண்டில் வாக்குரிமையையும் இழந்தவள் அவள். முதற் பெண் பிரதமர் தெரிவான தேர்தலில் அவளிற் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. 1964 ஒக்டோபர் 30இல் அம்மையாரும் சாஸ்திரியும் ஒப்பந்தம் ஒன்றிற் கைச்சாத்திட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. 1974இல் அம்மிச்சத்தையும் இந்திராகாந்தி அம்மையாருடன் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார். சந்தையில் மூட்டை எண்ணுவதைப்போல மனிதரை எண்ணிய இக்கணக்கில் எந்தப் பக்கம் தான் விழவேண்டுமென்று அவளை எவரும் கேட்கவில்லை. இரு நாடுகளின் தலைமையிலும் பெண்களே இருந்தபோதுதான் இரண்டாவது பங்கீடு நிகழ்ந்தது!

கூலியிலும் இதே கதைதான். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதிலுங் குறைவான கூலி என்பது சம்பளச் சபையே விதித்த முறை. கூடை நிறையாத நாளில் அதிலும் அரைப்பேர்தான். அம்மையார் ஆட்சிசெய்த இரு காலப்பகுதிகளிலும் இம்முறை அசையவில்லை. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. அந்நியக் கம்பனிகளின் பிடியைத் தகர்த்த அச்சட்டத்தை முற்போக்காளர் வரவேற்றது நியாயமே. எனினும் அக்காலத்திலேதான், 1973, 74ஆம் ஆண்டுகளில், லயங்களிற் பட்டினியால் உயிர்கள் மடிந்தன.

அம்மையாரின் சாதனைகளை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. எண்ணெய் வியாபாரத்தை அரசுடைமையாக்கி, அமெரிக்கா உதவியை நிறுத்தியபோதும் அவர் பணியவில்லை. 1976இல் அணிசேரா நாடுகளின் மாநாட்டைக் கொழும்பிற் கூட்டினார். இடதுசாரிகள் அவருடன் சேர்ந்தமைக்கு இத்தகைய நடவடிக்கைகளே காரணமாயின. ஆயினும் 1948இற் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்த சமசமாஜக் கட்சி, 1964 ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அதே மந்திரிசபையில் வீற்றிருந்தது. 1956இற் ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தை எதிர்த்த கொல்வின் ஆர். டி சில்வாவே, அதே கொள்கையை உறுதிசெய்த 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் சிற்பியானார். தன்னுடன் சேர்ந்தோரைத் தன் வழிக்குத் திருப்பிக்கொள்ளும் வல்லமை அம்மையாரின் கட்சிக்கு இருந்தது. அதனைத் தம் வழிக்குத் திருப்பும் வல்லமை இடதுசாரிகளுக்கு இருக்கவில்லை.

2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி, பொதுத்தேர்தலன்று தமது வாக்கை அளித்துவிட்டுத் திரும்பும் வழியில் அம்மையார் காலமானார். தோட்டத்துப் பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான கூலி 1984இல், அவர் உரிமையிழந்து வீட்டிலிருந்த காலத்தில், வேலைநிறுத்தத்தின் பின்னர் கிடைத்தது. இரு ஒப்பந்தங்களுக்கும் பின் இலங்கையில் நாடற்றோராய் மீந்து நின்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே பிரஜாவுரிமை வழங்கியது.